சாயங்காலமானால் "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்பும் அம்மா: அல்சைமர் பற்றிய கேள்விக்கு ஒரு விரிவான பதில்

நீங்கள் நீளமாக எழுதியிருப்பதால், நான் புரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் அண்ணன் வீட்டில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு 72 வயது. அல்சைமர் என்ற மறதி நோய் என்று சொல்லி ஐந்து மாதமாக அதற்கான டோனெபெசில் மாத்திரை கொடுக்கிறீர்கள். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் ரெண்டு புடவையை மூட்டை கட்டிக்கொண்டு "நான் எங்க வூட்டுக்குப் போறேன், கதவத் தொற" என்று நிற்கிறார். "இதாம்மா உன் வீடு" என்றால் கத்துகிறார். சுருக்குப்பையை அண்ணி எடுத்துவிட்டாள் என்று தெருவில் போகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். ஒருமுறை வெளியே போய் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் கண்டுபிடித்துக் கூட்டிவந்ததிலிருந்து கதவைப் பூட்டி வைக்கிறீர்கள். மாத்திரையை நிறுத்தலாமா, பூட்டுவது பாவமா, பொய் சொல்லிச் சமாளிப்பது சரியா என்று முக்கியமாக மூன்று கேள்விகள், கூடவே இன்னும் சிலவும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது கடைசி வரியில் இருக்கிறது: "அந்த நேரத்துல என்ன சொன்னா அம்மா அடங்குவாங்க?" அதற்குத்தான் முதலில் பதில் சொல்லப்போகிறேன். அந்த நேரத்தில் சொல்வதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. செய்ய வேண்டியது எல்லாம் அதற்கு ரெண்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது.

நான் மருத்துவர் இல்லை, செவிலியர். அரசு மருத்துவமனையில் முதியோர் வார்டில் பல வருடம் வேலை பார்த்தேன். இப்போது தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் படுக்கையிலும் மறதியிலும் இருக்கும் பெரியவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன். ஆகவே வீட்டில் ஒரு நாளை எப்படி நகர்த்துவது என்பதில் நான் சொல்வதை நம்பலாம். நோய் எது, மருந்தின் அளவு என்ன என்பதைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன்.

உங்கள் கேள்வியில் ஒரு விஷயத்தைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அப்பா போன பிறகு அம்மா முப்பது வருடம் தெருமுனையில் சாயங்காலக் கடை போட்டு, போண்டாவும் மசால் வடையும் போட்டு உங்கள் ரெண்டு பேரையும் வளர்த்தார் என்று. எனக்கு மொத்தக் கதையும் அந்த ஒரு வரியில்தான் தெரிகிறது. முப்பது வருடம் சாயங்காலம் நாலு மணிக்கு எழுந்து, பருப்பை வடித்து, அடுப்பு பற்றவைத்து, ஐந்து மணிக்குக் கடையில் நின்ற உடம்பு அது. இப்போது அந்த நாலு மணிக்கு வீட்டில் என்ன நடக்கிறது? நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. அண்ணி வேலையிலிருந்து வரும் நேரம், பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் நேரம், தெருவில் தண்ணீர் லாரி வரும் நேரம். அத்தனை பேரும் பரபரப்பாக இருக்க, அம்மா ஒருவர் மட்டும் கையில் வேலை இல்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். எங்கேயோ போக வேண்டும், ஏதோ செய்ய வேண்டும், நேரமாகிவிட்டது என்பது உடம்புக்குத் தெரிகிறது. எங்கே, என்ன என்பது மூளைக்குக் கிடைக்கவில்லை. அப்போது வாயில் வரும் சொல்தான் "வீடு."

இது என் ஊகம், நேரில் பார்க்காமல் சொல்வது. ஆனால் சாயங்காலத்தில் மறதி நோயாளிகளுக்குத் தவிப்பு கூடுவது உலகம் முழுக்கப் பார்க்கப்பட்ட விஷயம். ஏன் கூடுகிறது என்பதில்தான் ஒரே முடிவு இல்லை. உடலின் நேரக் கணக்கு கெடுவதும், பகல் முழுக்கச் சமாளித்த களைப்பும், வெளிச்சம் மங்கி நிழல் விழுவதும், பசி, தாகம், மலச்சிக்கல், மூட்டுவலி ஆகியவையும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. பல வீடுகளில் இவை எல்லாம் சேர்ந்தே இருக்கும். எது என்று கண்டுபிடிக்க ஒரு பத்து நாள் நோட்டுப்புத்தகத்தில் எழுதுங்கள். எத்தனை மணிக்குத் தவிப்பு தொடங்கியது, அதற்கு முன் ஒரு மணி நேரம் என்ன நடந்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டார், எப்போது பாத்ரூம் போனார், பகலில் எவ்வளவு தூங்கினார். நான் சொல்லி எழுதிய வீடுகளில் பாதிக்கு மேல், எழுதிய காகிதமே பதில் சொல்லியிருக்கிறது.

உங்கள் வீட்டில் நான் இருந்தால் இப்படிச் செய்து பார்ப்பேன். மதியச் சாப்பாட்டுக்குப் பின் தூக்கத்தை முக்கால் மணி நேரத்தோடு நிறுத்துவேன். மூன்றரைக்கு எழுப்பி, பாத்ரூம் கூட்டிப்போய், முகம் கழுவி, டீயும் கையில் பிடித்துச் சாப்பிட ஏதாவதும் கொடுப்பேன். நாலு மணிக்கு முறத்தில் கொஞ்சம் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் வைத்து, "கடைக்கு நேரமாச்சு, கொஞ்சம் உரிச்சுக் குடுங்கம்மா" என்று முன்னால் வைப்பேன். கத்தி வேண்டாம், அடுப்பின் பக்கம் வேண்டாம். உரித்தது சரியாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். தோலும் வெங்காயமும் கலந்து கிடந்தாலும் பரவாயில்லை, பிறகு நீங்கள் பிரித்துக்கொள்ளலாம். அவருக்கு வேண்டியது நாலு மணிக்குக் கையில் ஒரு வேலை. ஐந்து மணிக்கு முன்பே, இருட்டு எட்டிப்பார்க்கும் முன்பே, எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். செய்தி சேனலை அணைத்துவிடுங்கள். டிவியில் கத்துகிறவர்கள் வீட்டுக்குள்ளேயே நின்று கத்துவதாக நினைப்பவர்கள் நிறையப் பேர். ஐந்து மணிக்கு யாராவது ஒருவர் அவரோடு தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள். கதவைத் திற என்று அவர் கேட்கும் முன்னால் கதவு திறந்துவிட்டால், கேட்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. இது எல்லா நாளும் வேலை செய்யும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். வாரத்தில் நாலு நாள் நல்லபடியாகப் போனாலே உங்கள் அண்ணிக்கு அது பெரிய விஷயம்.

அப்படியும் மூட்டையோடு நின்றுவிட்டால், "இதுதான் வீடு" என்று நிரூபிக்கப் போகாதீர்கள். பட்டாவைக் காட்டினாலும் நிரூபிக்க முடியாது. புது விஷயத்தைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்கிற மூளைப் பகுதி இந்த நோயில் முதலில் அடிபடுபவற்றில் ஒன்று. அதனால் அண்ணன் கட்டிய வீடு நினைவில் இல்லாமல், அவர் கல்யாணமாகி வந்த வீடோ பிறந்த வீடோ இருப்பது இயல்பு. "போகலாம்மா, எந்த வீட்டுக்கு? அங்க யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் உட்காருங்கள். சொல்லட்டும். அவர் அம்மா வைத்த மீன் குழம்பைப் பற்றிச் சொல்வார், தண்ணீர் அடித்த பம்பைப் பற்றிச் சொல்வார். ஐந்து நிமிடம் அங்கே போய்விட்டு வந்தால், பல நேரம் மூட்டை தானாகக் கீழே இறங்கும். இறங்காவிட்டால் செருப்பைப் போட்டுக்கொண்டு அவரோடு போங்கள். ஒரு சுற்று சுற்றி அதே வாசலுக்கு வந்து "வந்துட்டோம்மா, உள்ள வாங்க" என்றால் நிம்மதியாக உள்ளே வருகிற பெரியவர்கள் இருக்கிறார்கள்.

பொய் சொல்வது பற்றி. இதில் துறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. உண்மையைத் திரும்பத் திரும்பச் சொல்லி இன்றைக்கு என்ன நாள், இது எந்த இடம் என்று நிலைநிறுத்த வேண்டும் என்பது ஒரு தரப்பு. ஆரம்ப நிலையில் அதற்குக் கொஞ்சம் பலன் உண்டு. அவர்கள் உணர்வை ஏற்றுக்கொண்டு அதன் போக்கில் போக வேண்டும் என்பது இன்னொரு தரப்பு. அதைச் சோதித்த ஆய்வுகள் குறைவு, முடிவும் தெளிவாக இல்லை. என் அனுபவத்தில், உங்கள் அம்மா இருக்கும் நிலையில் திருத்துவது யாருக்கும் நல்லது செய்து நான் பார்த்ததில்லை. அதே சமயம் கதை கட்டவும் வேண்டாம். "நாளைக்கு உன் அம்மா வருவாங்க" என்றெல்லாம் சொன்னால், அதையே பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். "அப்பா எங்கே?" என்று கேட்டால், "செத்துப்போய் முப்பது வருஷம் ஆச்சு" என்று ஒவ்வொரு முறையும் சொல்லாதீர்கள். அவருக்கு அது ஒவ்வொரு முறையும் புதுச் சாவு. "அப்பா ஞாபகம் வந்துடுச்சாம்மா? அப்பாவுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்பதில் பொய் எதுவும் இல்லை.

சுருக்குப்பை விஷயம் உங்கள் குடும்பத்தை உடைத்துவிடக்கூடியது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஜெர்மனியில் அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் 1901இல் ஃபிராங்ஃபர்ட் மருத்துவமனையில் சேர்ந்த அவுகுஸ்டே டேட்டர் என்ற பெண்ணைக் கவனித்து, அவர் இறந்த பிறகு மூளையை நுண்ணோக்கியில் பார்த்து, 1906இல் இந்த நோயை முதன்முதலாக விவரித்தார். அந்தப் பெண்ணுக்கு முதலில் வந்த அறிகுறியாக அவர் குறிப்பிட்டிருப்பது மறதியை அல்ல. கணவர் மேல் வந்த சந்தேகத்தை. பொருட்களை எடுத்து எங்கெங்கோ ஒளித்து வைத்ததையும் எழுதியிருக்கிறார். உங்கள் அம்மா செய்வதும் அதுதான். பத்திரமாக இருக்கட்டும் என்று சுருக்குப்பையை எங்கோ வைக்கிறார், வைத்த நினைவே பதியவில்லை. பை இல்லை என்பது அவர் கண்ணுக்குத் தெரிகிற உண்மை. தான் வைத்த ஞாபகம் இல்லாதபோது யாரோ எடுத்திருக்க வேண்டும் என்பதுதான் அவருக்குக் கிடைக்கும் ஒரே விளக்கம். வீட்டில் எப்போதும் பக்கத்தில் இருப்பது யார்? அண்ணி. சோறு போடுவது, குளிப்பாட்டுவது, புடவை மாற்றுவது என்று யார் அதிகம் செய்கிறார்களோ அவர்கள் மேல்தான் இந்தப் பழி விழுகிறது. அண்ணியின் குணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதை அண்ணனையும் அண்ணியையும் உட்காரவைத்து நீங்கள்தான் சொல்ல வேண்டும். மகள் வாயிலிருந்து வந்தால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

பழி சொல்லும்போது "நான் எடுக்கல" என்று அண்ணி வாதாட வேண்டாம். "பை காணோமா? அய்யோ, வாங்கம்மா தேடலாம்" என்று கூடத் தேடட்டும். அதே நிறத்தில் இன்னும் ரெண்டு சுருக்குப்பை வாங்கி, உள்ளே சில்லறையும் வெற்றிலை பாக்கும் போட்டு வையுங்கள். தலையணை உறை, அரிசி டப்பா, சாமி படத்துக்குப் பின்னால், குப்பைக்கூடை என்று வழக்கமான ஒளிவிடங்கள் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். நகையை மட்டும் இப்போதே பாதுகாப்பான இடத்துக்கு மாற்றிவிடுங்கள், அண்ணன் தங்கை இருவருக்கும் தெரிந்து, எழுதிவைத்து.

நீங்கள் திருவொற்றியூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போவதாகவும், நீங்கள் இருக்கும்போது அம்மா நன்றாகவே பேசுவதாகவும், "அண்ணிதான் பெரிசு பண்றாங்களோ" என்று தோன்றுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படித் தோன்றுவது சகஜம். ஆரம்ப, நடு நிலைகளில் இருப்பவர்கள் விருந்தாளி முன்னால் ஒன்றிரண்டு மணி நேரம் தங்களைத் திரட்டிக்கொண்டு நன்றாகப் பேசுவார்கள். மருத்துவர் முன்னாலும் அப்படித்தான். நீங்கள் கிளம்பிய பிறகு அந்தக் களைப்பு வேறு சேர்ந்து தவிப்பு கூடும். ஒரு வெள்ளிக்கிழமை போய் திங்கள் காலை வரை, அண்ணி இல்லாமல், நீங்கள் மட்டும் இருந்து பாருங்கள். அப்புறம் அந்தச் சந்தேகம் இருக்காது.

கதவைப் பூட்டுவதில் பாவ புண்ணியம் பார்க்க வேண்டியதில்லை, ஆபத்தைப் பார்க்க வேண்டும். அவரைத் தனியாக உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போவது கூடவே கூடாது. ஒற்றை அறை, கேஸ் சிலிண்டர், ஒரே வாசல். தீப்பிடித்தால் வெளியே வர வழி இல்லை. யாராவது கூட இருக்கும்போது உள்பக்கம் தாழ்ப்பாளைக் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் மாற்றிப் போடலாம், கதவின் மேல் வீட்டுச் சுவர் நிறத்திலேயே திரை போடலாம், கதவு திறந்தால் சத்தம் வரும்படி சலங்கை கட்டலாம். கேஸ் ரெகுலேட்டரை ராத்திரி கழற்றிவிடுங்கள். அம்மாவின் கையில் கழற்ற முடியாத ஸ்டீல் காப்பு ஒன்றில் பெயரும் உங்கள் ரெண்டு செல் நம்பரும் பொறித்துப் போடுங்கள். கூடவே ரவிக்கையின் உட்பக்கமும் நம்பரைத் தைத்துவிடுங்கள்.

தெருவில் சொல்லிவிடுங்கள், மறைக்காதீர்கள். "புத்தி பேதலிச்சுடுச்சுன்னு பேசுவாங்க" என்று அண்ணன் பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருக்கிறது, ஏறக்குறைய 88 லட்சம் பேர். உங்கள் தெருவிலேயே இன்னும் ரெண்டு மூன்று வீட்டில் இருக்கும், அவர்களும் மறைத்துக்கொண்டிருப்பார்கள். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, மளிகைக்கடை, இஸ்திரி வண்டி என்று நாலு இடத்தில் போட்டோவும் நம்பரும் கொடுத்து, "எங்கம்மாவுக்கு மறதி நோய், தனியா பார்த்தா பேச்சுக் குடுத்து உட்கார வெச்சுட்டு ஒரு போன் பண்ணுங்க" என்று சொல்லுங்கள். வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் இன்னும் ஆளுக்கு ஆள் முகம் தெரியும். அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்களுக்கு இல்லாத பெரிய பாதுகாப்பு அது. காணாமல் போனால் காத்திருக்க வேண்டாம், 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் வாங்குவார்கள் என்பது தவறான நம்பிக்கை. உடனே 100 அல்லது 112. முதலில் தேட வேண்டிய இடம் பழைய கடை இருந்த முனை, பழைய வீடு, அவர் வழக்கமாகப் போன கோயில் அல்லது மார்க்கெட். எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கமும் ரயில் பாதைப் பக்கமும் ஒருவரை உடனே அனுப்புங்கள். கன்டெய்னர் லாரி ஓடும் ரோட்டைக் கடப்பதை அவரால் இப்போது கணக்குப் போட முடியாது.

இனி மாத்திரை. டோனெபெசில் செய்வது மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சீக்கிரம் கரைந்துபோகாமல் தடுப்பது. நோயின் போக்கை அது மாற்றாது. ரிவாஸ்டிக்மின், கேலன்டமைன் இரண்டும் இதே வகை. மெமன்டின் வேறு வகை, நடு நிலையிலிருந்து கொடுப்பார்கள். இவற்றால் சராசரியாகக் கிடைக்கும் பலன் சிறியது என்பது உறுதி. உங்கள் அம்மாவுக்குப் பலன் இருக்கிறதா என்பது உறுதியில்லாதது. ஐந்து மாதத்தில் "ஒன்றும் மாறவில்லை" என்றால், மாத்திரை இல்லாமல் இன்னும் இறங்கியிருப்பாரா என்பதை ஒருவரை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. பிரிட்டனில் நடந்து 2012இல் வெளியான டோமினோ என்ற ஆய்வில், நோய் நடு நிலையிலும் முற்றிய நிலையிலும் இருந்தவர்களில் டோனெபெசிலை நிறுத்தியவர்களைவிடத் தொடர்ந்தவர்களுக்கு அறிவாற்றலும் அன்றாடச் செயல்பாடும் சற்று மேலாக இருந்தன. ஆகவே நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் சாப்பாடு பிடிக்காமல் எடை குறைகிறது, அடிக்கடி வயிற்றுப்போக்கு, மயக்கம், நாடித்துடிப்பு குறைவு என்று ஏதாவது இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அப்போது நிறுத்துவதே சரியாக இருக்கலாம். கெட்ட கனவு வருகிறது என்றால் ராத்திரி மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள்.

அதைவிட அவசரமான ஒரு வேலை, வீட்டில் அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுவது. சளிக்கும் தூக்கத்துக்கும் மெடிக்கலில் சாதாரணமாக வாங்கும் அவில், அடிக்கடி சிறுநீர் போவதற்குக் கொடுக்கும் ஆக்சிபியூட்டினின் போன்றவை டோனெபெசில் செய்வதற்கு நேர் எதிராக வேலை செய்து குழப்பத்தைக் கூட்டும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற கதை இது, நான் எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன். கத்துகிறார் என்பதற்காக அடக்கும் மாத்திரை கேட்டு வாங்குவதிலும் கவனமாக இருங்கள். மனநோய்க்கான அந்த வகை மருந்துகள் மறதி நோயுள்ள முதியவர்களில் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே கடும் எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில் குறைந்த அளவில், குறைந்த நாளுக்குத் தேவைப்படலாம். வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாலு மணி வேலையைச் செய்து பார்க்காமல் அங்கே போகாதீர்கள். இல்லாத ஆட்களோ குழந்தைகளோ தெளிவாகக் கண்ணுக்குத் தெரிகிறார்கள், கை நடுங்குகிறது, நடை இறுகிவிட்டது என்றால் அது லூயி பாடி என்ற வேறு வகை மறதி நோயாக இருக்கலாம். அவர்களுக்கு ஹாலோபெரிடால் போன்ற மருந்து மிகக் கெடுதல் செய்யும், முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அல்சைமர்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மறதி நோய்களில் 60 முதல் 70 சதவீதம் அல்சைமர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் அம்மாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பதால், ரத்தக்குழாய் அடைப்பால் வரும் மறதியும் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. வயதானவர்களில் கலப்பு வகை மிகச் சாதாரணம். பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு மெதுவாகத் தேங்கிய ரத்தம் ஆகியவை மறதி நோய் போலவே தோன்றும், சரிசெய்யவும் முடியும். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால் கேட்டு எடுங்கள். பள்ளிக்கூடம் போகாத ஒருவரிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லிவிட்டு மதிப்பெண் போட்டால் அது தப்பாகக் காட்டும் என்பதால், அம்மா படித்தது எவ்வளவு, கடைக்கணக்கை எப்படிப் பார்த்தார், எப்போதிலிருந்து சில்லறை தப்பாகக் கொடுக்க ஆரம்பித்தார் என்று நீங்களே சொல்லுங்கள். மருத்துவருக்கு அது பெரிய தகவல். காது சரியாகக் கேட்கிறதா, கண்புரை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். லெக்கனெமாப், டொனனெமாப் என்று நீங்கள் படித்த ஊசிகளுக்கு அமெரிக்காவில் 2023, 2024இல் அனுமதி கிடைத்தது உண்மை. அவை மிக ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு இறங்கும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கின்றன. மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வரும் அபாயம் இருப்பதால் அடிக்கடி எம்ஆர்ஐ எடுத்துக் கண்காணிக்க வேண்டும். நீங்கள் விவரிக்கும் நிலைக்கு அவை பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை, அதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

ஒன்றை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். அல்சைமர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இறங்கும் நோய். ரெண்டே நாளில் திடீரென்று குழப்பம் கூடினால், பகலெல்லாம் அரைத்தூக்கமாக இருந்தால், அது நோய் முற்றியது அல்ல. சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், உப்புச்சத்து குறைவு, சர்க்கரை இறங்குவது, மலம் கட்டுவது, வெயிலில் தண்ணீர் இல்லாமல் வறள்வது என்று ஏதோ ஒன்று. அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர் என்று கேட்காமலே கையில் கொடுங்கள். தாகம் எடுக்கிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியாது.

குளிக்க மறுப்பது பற்றி ரெண்டு வரி எழுதியிருந்தீர்கள். தண்டையார்பேட்டையில் ஒரு பாட்டி ஷவரைக் கண்டாலே அலறுவார். தலைக்கு மேலிருந்து வரும் தண்ணீர் எங்கிருந்து அடிக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. மர ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் வாளியைக் காட்டி, சொம்பை அவர் கையிலேயே கொடுத்து, முதலில் கால், பிறகு கை, கடைசியில் முதுகு என்று மருமகள் மாற்றினார். தோளில் ஒரு பழைய புடவையைப் போர்த்தியபடியேதான் குளியல். அலறல் நின்றது. தினமும் குளிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வாரம் ரெண்டு மூன்று நாள் குளியல், மற்ற நாள் துடைத்துவிட்டால் போதும். வாசலில் கறுப்பு மிதியடி இருந்தால் எடுத்துவிடுங்கள், பள்ளம் என்று நினைத்துத் தாண்டப் பார்த்து விழுவார்கள். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு கண்ணில் படாமல் போகும், நிறமுள்ள தட்டிலோ வாழை இலையிலோ போட்டுப் பாருங்கள்.

எங்கே போவது என்பதற்கு: உங்களுக்குப் பக்கம் ஸ்டான்லி மருத்துவமனைதான், நரம்பியல், மனநலம் இரண்டும் அங்கே உண்டு. சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி பொது மருத்துவமனையில் முதியோருக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. 1978இல் டாக்டர் வி.எஸ். நடராஜன் அங்கே தொடங்கி வைத்தது அது. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் 2024இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கிறது. தூரம் என்று நினைக்காதீர்கள், வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் ஏறினால் மாறாமலே கிண்டி போய்விடலாம், அங்கிருந்து ஆட்டோ. காலையிலேயே போங்கள், அம்மா தெளிவாக இருக்கும் நேரம் அதுதான். அண்ணாநகரில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு அமைப்பு மறதி நோய்க்கென்றே தனிச் சேவை நடத்துகிறது, பராமரிப்பவர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்கும் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதற்கும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். முதியோர் உதவி எண் 14567. அண்ணிக்கு மனசு தாங்காத நாளில் பேச, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. அதை அண்ணியின் செல்லில் நீங்களே பதிந்து கொடுங்கள்.

எனக்கும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அறுபது வயதுக்கு முன்பே வரும் அரிதான சில வகைகளில்தான் மரபணு நேராகக் கடத்துகிறது. அம்மாவுக்கு எழுபதை ஒட்டி வந்தால் உங்களுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடும், அவ்வளவே. மரபணுப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். காது கேளாமை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை, தனிமை உள்ளிட்ட 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் மறதி நோயில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் கணித்தது. அது மொத்த மக்கள்தொகைக்கான கணக்கு, ஒரு தனி ஆளுக்கான உத்தரவாதம் இல்லை. உங்கள் ரத்த அழுத்தத்தை இந்த வாரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நாள் என்பதற்கு நேர்மையான பதில், சொல்ல முடியாது என்பதுதான். நோய் தெரிந்த பிறகு சராசரியாக நாலு முதல் எட்டு வருடம் என்பார்கள், இருபது வருடம் இருந்தவர்களும் உண்டு. அதனால்தான் இதை ஒருத்தி தலையில் மட்டும் போட முடியாது. அண்ணன் பணம் கொடுப்பதும் நீங்கள் ஞாயிறு வருவதும் போதாது. வாரத்தில் ஒரு முழு நாள் நீங்களும், ஒரு சாயங்காலம் அண்ணனும் அம்மாவை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள், காலண்டரில் எழுதி. அந்த நேரத்தில் அண்ணி தூங்கினாலும் சரி, தாய் வீட்டுக்குப் போனாலும் சரி, கேள்வி கேட்காதீர்கள். அம்மாவுக்கு இன்னும் கையெழுத்தின் பொருள் புரிகிறது என்றால், பேங்க் கணக்கைக் கூட்டுக் கணக்காக்குவதையும் உயில் பற்றிப் பேசுவதையும் இந்த மாதமே, மருத்துவர் சான்றோடு, அண்ணனும் நீங்களும் சேர்ந்து செய்யுங்கள். பவர் பத்திரம் எழுதிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், எழுதிக்கொடுத்தவருக்குப் புரியும் சக்தி போய்விட்டால் நம் சட்டப்படி அது செல்லாது.

பத்து நாள் நோட்டை எழுதி முடித்ததும் அதை இங்கேயே பதிலாகப் போடுங்கள், பெயர் எதுவும் போட வேண்டாம். எந்த நேரத்தில் எதை மாற்றிப் பார்க்கலாம் என்று வரி வரியாகச் சொல்கிறேன்.